செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குத் திறக்கும் கதவு

எனக்கு எழுத்து இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. எண் நிற்கவில்லை. மலையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்து, எழுதுகிறவர் வாயைத் திறக்கும் முன்னே நான் சொல்லிவிடுவேன். முப்பத்தாறு வருஷ வேலையில் என் கொழுந்தை ஒரு கிலோ குறைத்து எழுதிவிட்டுப் போனவர் கிடையாது. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு வேறு சாமான் அதிகம் இல்லை.

இப்போது எழுத உட்கார்ந்தது தராசைப் பற்றி இல்லை. என் நாத்தனாரின் கண்ணைப் பற்றியும், அந்தக் கண்ணுக்காக ஒரு போனோடு நாங்கள் பட்ட பாட்டைப் பற்றியும் எழுத வேண்டும். அந்தப் பாட்டில் எனக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி என்று வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. கையால் வருகிறதா என்று பார்க்கிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடும். அவசரம் ஒன்றுமில்லை.

நாங்கள் இருப்பது ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்தில், எட்டு வீடு ஒரே வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தில் மூன்றாவது வீடு. என் வீட்டுக்காரரும் போய், அவர் தங்கச்சியின் புருஷனும் போன பிறகு, அவளும் நானும் ஒரே அடுப்பில் சமைக்கிறோம். அவளுடைய மகள் வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவளைப் போனில் பேச விடுவார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. நாத்தனாருக்கு வாய் நீளம். எனக்கும் நீளம்தான். அதனால் வீட்டில் ரேடியோ தேவைப்பட்டதில்லை.

அவள் கண் மங்குவதை முதலில் நாக்கில்தான் கண்டுபிடித்தேன். ஒரு நாள் ரசம் வாயில் வைக்க முடியவில்லை. மிளகு என்று நினைத்துத் தேயிலைத் தூளை அள்ளிப் போட்டிருக்கிறாள்.

"என்னா தாயி இது?" என்றேன்.

"குடிங்க மதினி. ரசமும் ஆச்சு, தேத்தண்ணியும் ஆச்சு. ரெண்டு வேல மிச்சம்."

சிரித்துக்கொண்டேதான் குடித்தேன். ஆனால் மறுநாள் அவள் அரிசியில் கல் பொறுக்குவதைப் பார்த்தேன். கண்ணால் பொறுக்கவில்லை, விரலால் தடவிப் பொறுக்கினாள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் பொறுக்கும், வலது கண் முற்றிவிட்டது, மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், விட்டால் உள்ளே அழுத்தம் ஏறிவிடும், பிறகு எடுத்தாலும் பார்வை வராது என்று டாக்டரம்மா சொன்னார். சரி, தேதி கொடுங்கள் என்று ஜன்னலில் கேட்டேன். இப்போது தேதியைக் கையில் கொடுப்பதில்லையாம். ஆஸ்பத்திரியின் வெப்சைட் ஒன்று இருக்கிறது, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அதில் தேதிகள் திறக்கும், போன் மூலமாக எடுத்துக்கொள்ள வேண்டும், சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள்.

நான் பயப்படவில்லை. அந்த வெப்சைட்டில் எனக்கு ஏற்கெனவே ஒரு பதிவு இருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் முன்னால் நாத்தனார் மகள் என் பேரில், என் போன் நம்பரைக் கொடுத்துச் செய்து வைத்தது. தன் அம்மாவின் கிளினிக் அட்டை நம்பரையும் அதிலேயே சேர்த்திருந்தாள். உள்ளே போக ஒரு பாஸ்வேர்ட். அது இங்கிலீஷ் எழுத்து. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் கண் இருக்கிறதே. ஒவ்வொரு எழுத்தையும் உருவம் பார்த்து மனதில் வைத்துக்கொண்டேன். உட்காரும் கதிரை போல ஒன்று, கவிழ்த்த தூண்டில் போல ஒன்று, சிலுவை போல ஒன்று, பிறகு நாலு எண். கோடு போட்ட கொப்பிப் புத்தகத்தில் வரைந்தும் வைத்திருந்தேன். அதைப் பார்த்துப் பார்த்து ஒரு விரலால் அழுத்தி உள்ளே போய்விடுவேன். என் வயதில் எங்கள் தோட்டத்தில் வேறு எவளும் அப்படிப் போகமாட்டாள்.

இந்த இடத்தில் எங்கள் லயத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வீட்டுக்கு வீடு விலாசம் கிடையாது. தோட்டத்துப் பேர், டிவிசன், லயத்து நம்பர், அவ்வளவுதான். எட்டு வீட்டுக் கடிதமும் ஒரே இடத்துக்கு வரும். யார் கையில் முதலில் கிடைக்கிறதோ அவர் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். தண்ணீர்ப் பீலி ஒன்று. மா இடிக்கிற உரல் ஒன்று. அதனால் என் வீட்டில் ஒரு பதிவு இருக்கிறது என்று தெரிந்ததும், பிரஷர் கிளினிக் போகிறவர்களும் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்களும் என்னிடம் வந்து, "பெரியம்மா, ஒங்க பாஸ்வேர்ட கொஞ்சம் குடுங்க" என்று கேட்டார்கள். அடுப்புக்கு நெருப்பு கேட்டால் கொடுப்பதில்லையா? கொப்பியை நீட்டினேன். பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். யார் யார் என்று நான் எண்ணவில்லை. எட்டு வீட்டுக்கும் ஒரே பதிவு என்பது எங்களில் யாருக்கும் புதினமாகப் படவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே கொய்யா மரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். அங்கேதான் சிக்னல் மூன்று கோடு நிற்கும். நாத்தனார் பக்கத்தில் நின்றாள். எட்டு அடித்ததும் தேதிகள் பச்சை நிறத்தில் வந்தன. ஒன்றின் மேல் விரலை வைத்தேன். திரை வெள்ளையாகி, முதல் வாசலுக்கே என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டது. மறுபடி கதிரை, தூண்டில், சிலுவை. மறுபடி உள்ளே. விரலை வைத்ததும் மறுபடி வெளியே. மூன்றாம் தடவை உள்ளே போனபோது பச்சை ஒன்றும் இல்லை. எல்லாம் சாம்பல் நிறம்.

"என்னா ஆச்சு மதினி?"

"வெளிய தள்ளிருச்சு."

"நீங்க வம்பு பேசியிருப்பீங்க."

இரண்டாம் வாரம் உள்ளேயே விடவில்லை. பாஸ்வேர்ட் பிழை என்று சிவப்பில் வந்தது. கொப்பியைப் பார்த்து அச்சு அசலாக அழுத்தினேன். சிவப்பு. கையைத் துடைத்துவிட்டு அழுத்தினேன். சிவப்பு. ஐந்தாம் வீட்டுக்காரி பிள்ளைக்காம்பிராவில் குழந்தைகளைப் பார்க்கிறவள், பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அவளைக் கூப்பிட்டேன். அவள் எதையோ அழுத்தினாள். என் போனுக்கு ஆறு எண் வந்தது. அதை அவள் போட்டு, புதுப் பாஸ்வேர்ட் ஒன்று வைத்து, கொப்பியில் எழுதியும் கொடுத்தாள். அதற்குள் எட்டரை. தேதி முடிந்துவிட்டது. புதுப் பாஸ்வேர்டாவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வியாழக்கிழமை பார்த்தால் அதற்கும் சிவப்பு.

போனில்தான் கோளாறு என்று பஜாரில் போன் திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளே குப்பை சேர்ந்திருக்கிறது என்று சொல்லி எதையோ கழித்துக் கொடுத்தார். அணைத்து அணைத்துப் போட்டேன். மூடுபனிக்குச் சிக்னல் அறுகிறது என்று கோயில் மேட்டுக்கு ஏறிப் போனேன். நாத்தனார் தன் பங்குக்கு, "கண்ணூறு பட்டிருக்கு மதினி" என்று உப்பும் மிளகாயும் எடுத்துப் போனைச் சுற்றி அடுப்பில் போடப் போனாள். அடுப்பு தெரியாமல் பக்கத்தில் இருந்த பால் சட்டியில் போட்டாள். அன்றைக்குப் பாலும் போனது.

இதற்கிடையில் லயத்தில் யாராவது ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "பெரியம்மா, ஒங்க போனுக்கு ஒரு நம்பரு வந்திருக்கும், பாருங்க" என்பார்கள். வந்திருக்கும். ஆறு எண். நான் போனைத் தள்ளிப் பிடித்து, ஓர் எண் பிசகாமல், கணீரென்று வாசிப்பேன். "சரி பெரியம்மா, போயிருச்சு" என்பார்கள். அந்த எண்ணைப் பஸ் டிக்கெட் மாதிரி நினைத்திருந்தேன். வீட்டுக்கார அம்மா டிக்கெட்டை வாசித்தால்தான் உள்ளே விடுவார்கள் போல, மரியாதையான இடம்தான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

மூன்றாம் செவ்வாய். பிள்ளைக்காம்பிராக்காரி காலையிலேயே வந்து இன்னொரு புதுப் பாஸ்வேர்ட் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள். எட்டு மணிக்குப் போனேன். பச்சை வந்தது. விரலை வைத்தேன், நாத்தனாரின் அட்டை நம்பரையும் போட்டேன், இன்னும் ஒரே ஓர் அழுத்து. வெளியே தள்ளிவிட்டது. போனைக் கதிரையில் வீசினேன். அவ்வளவு கோபம்.

அந்தக் கோபத்தோடுதான் பீலிக்குப் போனேன். ஐந்தாறு பேர் வாளியோடு நின்றார்கள். கடைசி வீட்டுக்காரியும் நின்றாள். நாற்பது வயதுக்காரி, கொழுந்து எடுக்கிறவள். இரண்டு மாதம் முன்னால்தான் பெரிய போன் ஒன்று வாங்கியிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"நாம நடக்கிற வாசல்ல எவளோ கை வைக்கிறா. புது போன் வாங்குனா கை சும்மா இருக்காதுபோல."

அவள் வாளியை நிறைய விடவில்லை. அரை வாளியோடு தூக்கினாள்.

"எங்க கை சும்மா இல்லாம கெடக்கிறது கொழுந்துலதான் பெரியம்மா" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவள் வீட்டுக் கறி எங்கள் வீட்டுக்கு வருவதும் நின்றது.

அந்த வாரக் கடைசியில் நாத்தனாருக்கு முதுகு தேய்த்துவிடும்போது அவள் முழங்கையில் தோல் உரிந்து புண்ணாகியிருப்பதைப் பார்த்தேன். தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்திருக்கிறாள். மூன்று நாளாகச் சேலைக்குள் மறைத்து வைத்திருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அந்த போனோட இன்னும் சண்ட போடுவீங்க. விடுங்க மதினி. கண்ணு போனா போகுது. ஒங்க பேச்ச கேக்க காது போதும்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் எழுந்து போய்ப் புண்ணுக்கு மஞ்சள் அரைத்து வந்தேன். மூன்று மாதத்தில் ஒரு மாதம் இப்படியே போய்விட்டது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்யூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் செய்வார்கள். நடத்துவது மடவளையில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஒரு முஸ்லிம் பெண். முன்பு அடையாள அட்டை கொப்பி எடுக்கப் போயிருக்கிறேன். கடையில் ஆள் நிறைந்திருந்தார்கள். நான் போனையும் கொப்பியையும் மேசையில் வைத்து, நடந்ததை முதல் செவ்வாயில் இருந்து சொல்லத் தொடங்கினேன். இடையில் அவர் என்னைத் துரிதப்படுத்தவே இல்லை. மற்றவர்களுக்குக் கொப்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "ம், பொறகு செல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு என் போனை வாங்கி, எனக்கு வந்திருந்த செய்திகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"இந்த ஆறு நம்பர் வந்த நேரம் என்ன செஞ்சீங்க?"

"வாசிச்சு சொன்னேன்."

"ஆருக்கு?"

"கேட்டவங்களுக்கு. ஒரு நம்பரு பெசகாது மகள். நான் எண்ணுல கெட்டி."

அவர் சிரிக்கவில்லை. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடையில் அத்தனை பேர் முன்னால் சிரித்திருந்தால் நான் போனை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பேன், நாத்தனாரின் கண்ணும் போயிருக்கும். அவர் கதிரையை எனக்குக் கிட்டே இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அம்மா, அந்த நம்பர் உள்ளுக்குப் போறத்துக்கில்ல. பூட்ட மாத்துறத்துக்கு. ஒராளுக்குப் பாஸ்வேர்ட் பிழைக்குது. அவங்க மறந்துட்டு எண்டு அமத்துறாங்க. நம்பர் ஒங்களுக்கு வருது. நீங்க வாசிக்கிறீங்க. அவங்க புதுப் பூட்டுப் போடுறாங்க. அப்ப மத்த எல்லார்ட சாவியும் பழசாப் போகுது, ஒங்கடதும் சேத்துத்தான். அடுத்த ஆளுக்கும் பிழைக்குது. அவங்களும் நம்பர் கேக்குறாங்க."

"அப்ப பூட்ட மாத்துனது நானா?"

"கேட்ட ஆக்களுக்கு இல்லையெண்டு செல்ல ஒங்களுக்கு வரல்ல. அதான்."

"அப்ப வெளிய தள்ளுனது?"

"இந்த சைட்ல ஒரு நேரத்துல ஒராள்தான் உள்ளுக்கு ஈக்க ஏலும். இன்னொரு போன்ல இருந்து வந்தா, முந்தி வந்த ஆள வெளியாக்கிப் போடும்."

என் பதிவுக்குள் வந்துபோன போன்களின் பட்டியலைத் திறந்து காட்டினார். ஆறு போன். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியவில்லை, எண் தெரிந்தது. பக்கத்தில் நேரம் போட்டிருந்தது. செவ்வாய், எட்டு மணி. எட்டு மணி ஒரு நிமிஷம். எட்டு மணி இரண்டு நிமிஷம். மூன்று வாரமும் அப்படியே. கடைசி வீட்டுக்காரியின் போன் என்ன கம்பெனி என்று எனக்குத் தெரியும், அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டேன். "ஓ, ஈக்கு" என்று விரலை வைத்துக் காட்டினார்.

கிளினிக்குக்குப் பேர் கொடுக்க என்றால் வேறு நாளில் வரலாமே. சரியாகச் செவ்வாய் எட்டு மணிக்கு அவளுக்கு என்ன வேலை? பூட்டை மாற்றியது நான் என்ற வெட்கம் ஒரு பக்கம், கள்ளியைப் பிடித்துவிட்டேன் என்ற கொதிப்பு ஒரு பக்கம்.

அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாத்தனாரின் அட்டை நம்பரை இந்தப் பதிவில் இருந்து எடுத்து வேறு பதிவில் போட நாள் எடுக்கும், அதனால் வரும் செவ்வாய்க்கு இதையேதான் பாவிக்க வேண்டும் என்று சொல்லி, புதுப் பாஸ்வேர்ட் ஒன்று போட்டு என் கொப்பியில் பெரிதாக எழுதித் தந்தார். "செவ்வாய் வரைக்கும் இத ஒருத்தருக்கும் செல்லாதீங்க. நம்பர் வந்தாலும் வாசிக்காதீங்க" என்றார். நான் படி இறங்கும்போது, "அம்மா, ஏச முந்தி கேளுங்க" என்றார்.

திகன தாண்டும்வரை நான் ஏசப்போகிற வார்த்தைகளைத்தான் அடுக்கிக்கொண்டு வந்தேன். தெல்தெனியவில் பஸ் நின்றபோதுதான் அந்தப் பெண் கடைசியாகச் சொன்னது மேலே வந்தது. அவ்வளவாகப் பழக்கம் இல்லாதவர் என் முகத்தைப் பார்த்து அவ்வளவு தெரிந்துகொண்டாரே என்று இருந்தது. சரி, கேட்டுத்தான் பார்ப்போம் என்று வீட்டுக்குப் போகாமல் நேரே கடைசி வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்பு முன்னால் இருந்தாள். என்னைப் பார்த்தும் எழும்பவில்லை.

"செவ்வா கெழம எட்டு மணிக்கு என் பதிவுக்குள்ள நீ போனியா?" என்று கேட்டேன்.

"போனேன்."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

"எதுக்கு?"

"எதுக்கா? நீங்கதான பீலியில நின்னு சொன்னீங்க. எட்டு மணிக்கு தொறக்குமாம், நாலு நிமிசத்துல முடிஞ்சிருமாம், அதுக்குள்ள எடுக்கலனா நாத்தனா கண்ணு போயிருமாம்னு. ஒங்க போன் ஆட்டுக்கல்லு மாதிரி சுத்துது. என் போன் புதுசு. நான் ஒரு தேதி எடுத்து அந்தம்மா கையில குடுப்போம்னு ஒக்காந்தேன். மூணு வாரமும் மலைக்கு பிந்தித்தான் போனேன். அரை நாள் வேலதான் போட்டாங்க."

நான் கையில் இருந்த பையைக் கீழே வைத்தேன்.

"என்னையும் வெளிய தள்ளிக்கிட்டே இருந்துச்சு" என்றாள். "எவளோ குறுக்க வர்றானு நானும் வஞ்சேன்."

"ஏன் புள்ள எங்கிட்ட சொல்லல?"

"எடுத்துட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் நீங்க பீலியில அப்படி பேசிட்டீங்க. அதுக்கு மேல சொன்னா, மாட்டிக்கிட்டு கத சொல்ற மாதிரி இருக்கும்."

எங்கள் பக்கம் மன்னிப்பு என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டோம். பேச்சு நின்ற வீட்டில் போய்க் குடிக்கக் கேட்க வேண்டும். ஊற்றிக் கொடுத்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். நான் அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, "தேத்தண்ணி ஊத்து" என்றேன்.

அவள் உடனே ஊற்றவில்லை. விறகைத் தள்ளினாள், சட்டியைக் கழுவினாள், பிள்ளையை ஏசினாள். பிறகு ஊற்றினாள். சீனி போடாமல் வைத்தாள். நான் சீனி கேட்காமல் குடித்தேன்.

அன்று பின்னேரம் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பிள்ளைக்காம்பிராக்காரி எனக்குப் பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினாளே, ஓடியது அங்கே போய் அவள் போனில் முயற்சி செய்யத்தானாம். முதல் வீட்டு அண்ணன், ஆறாம் வீட்டுப் புருஷன் பெண்சாதி, ஏழாம் வீட்டுக்காரி. எல்லோரும் அந்த எட்டு மணிக்கு அவரவர் போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் என் நாத்தனாருக்கு ஒரு தேதி எடுக்கத்தான். ஒருவர் உள்ளே போக இன்னொருவர் வெளியே விழ, அவர் திரும்ப உள்ளே வர இவர் வெளியே விழ, பாஸ்வேர்ட் மறந்தவர் பூட்டை மாற்ற, அதற்கு நானே நம்பர் வாசிக்க, மூன்று வாரமாக இதுதான் நடந்திருக்கிறது. எங்கள் லயத்தில் சாவு விழுந்தால் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். ஒருவர் பந்தல் கம்பு கொண்டுவருவார், ஒருவர் தண்ணீர் தூக்குவார். அந்தப் பழக்கத்தில் சொல்லாமல் செய்திருக்கிறார்கள். கம்பும் தண்ணீரும் ஒன்றை ஒன்று தள்ளாது. அந்த வெப்சைட் தள்ளும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நாத்தனாரிடம் வந்து சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அப்ப இத்தன பேரு சேந்து எனக்கு கதவ தொறக்கிறேன்னு சொல்லி இறுக்கி மூடிக்கிட்டு இருந்திருக்கீங்க."

கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. புரை விழுந்த கண்ணும் அழும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் பீலியில் எல்லோரும் நிற்கிற நேரம் பார்த்துப் போனேன். பழி போட்ட இடத்தில்தான் எடுக்க வேண்டும். "நான் இந்த புள்ளைய செவ்வா கெழம சொன்னது பிழ. பூட்ட மாத்துனது நான்தான்" என்று சொன்னேன். கடைசி வீட்டுக்காரி, "சரி சரி, தண்ணி வழியுது, வாளிய எடுங்க" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழரைக்கே எல்லோரும் கொய்யா மரத்தடிக்கு வந்துவிட்டார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில் இருந்து அரிசி புடைக்கிற சொளகைக் கொண்டுவந்து கதிரைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். "எல்லாரும் போன அமத்தி இதுல போடுங்க" என்றேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை. விரல் துருதுருக்கும் அல்லவா, எனக்கே துருதுருத்தது. ஒவ்வொருவராக அணைத்து வைத்தார்கள். முதல் வீட்டு அண்ணன் மட்டும், "மணி பாக்கவாச்சும் வச்சிக்கிறேனே" என்றார். "கோழி கூவும் போது பாத்துக்கலாம், போடுங்க" என்றாள் நாத்தனார்.

என் போனை மட்டும் அணைக்கவில்லை, செய்தி அதற்குத்தான் வரும். ஆனால் உள்ளே போக அதை எடுக்கவில்லை. கொப்பியை எடுத்துக் கடைசி வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். "ஒன் போனுல போ. ஒனக்கு கை வேகம்" என்றேன். பீலியில் நான் பழி போட்ட அதே கை. அவள் கதிரையில் உட்கார்ந்தாள்.

எட்டு அடித்தது. பச்சை வந்தது. அவள் விரல் வைத்தாள். அட்டை நம்பரை நான் என் வாயால் ஓர் எண் ஓர் எண்ணாகச் சொன்னேன், அவள் அழுத்தினாள். வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மலையில் இருந்து யாரோ கூப்பிட்டார்கள், இங்கே ஒருவரும் பதில் குரல் கொடுக்கவில்லை. வட்டம் நின்றது. எங்களை யாரும் வெளியே தள்ளவில்லை. என் கையில் இருந்த போன் அதிர்ந்தது. செய்தியில் இங்கிலீஷில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது, தேதி தெரிந்தது. அன்றில் இருந்து பத்தொன்பதாவது நாள். டாக்டரம்மா சொன்ன கெடுவுக்கு உள்ளேதான்.

நான் வாசித்தேன். நாத்தனார் திரும்பவும் வாசிக்கச் சொன்னாள். மூன்று தடவை வாசித்தேன்.

கடைசி வீட்டுக்காரி அன்றைக்கும் மலைக்குப் பிந்தித்தான் போனாள்.

பிறகு எட்டு வீட்டுக்காரரும் ஒவ்வொருவராகக் கண்டிக்குப் போகும்போது மடவளைப் பெண்ணின் கடையில் தங்கள் தங்கள் பேரில் தனித்தனிப் பதிவு செய்துகொண்டார்கள். நான் அவருக்குக் கொஞ்சம் கொய்யாவும் ஈரப்பலாக்காயும் கொண்டுபோனேன். "கண்ணுக்கு எப்படி?" என்றுதான் முதலில் கேட்டார். என்னைக் கேலி செய்ய அவரிடம் எவ்வளவோ இருந்தது. அன்றைக்கும் செய்யவில்லை.

கண்டியில் வலது கண்ணில் புரை எடுத்து, மறுநாள் கட்டு அவிழ்த்து, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வந்ததில் இருந்து ஏச்சுத்தான். "இந்த ஒட்டறைக்கு வயசு என்னா மதினி? சட்டிக்கு அடியில இது என்னா, கரியா, சோறா? இத்தன நாளா இதுலயா எனக்கு சமைச்சு போட்டீங்க? தெரியாம தின்னுட்டேனே." குனியக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குனியாமலே வீடு முழுக்கக் குறை கண்டுபிடித்தாள். எனக்கு ஒரு வார்த்தையும் சுடவில்லை. சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டே ஒட்டறை அடித்தேன்.

பின்னேரம் கடைசி வீட்டுக்காரி ஒரு கிண்ணத்தில் கறி கொண்டுவந்தாள். வாசலில் நின்று, "பார்வ எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

நாத்தனார் கறுப்புக் கண்ணாடியை மெதுவாகத் தூக்கி அவளைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, நீ எப்ப மூக்குத்தி போட்ட?"

"போட்டு ஒரு வருசமாச்சும்மா."

"கல்லு என்னா நெறம், செவப்பா?"

அவள் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கிட்டே வந்து, வெளிச்சம் விழுகிற பக்கமாக முகத்தைத் திருப்பி, பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்றாள்.